குமணன்சாவடிக் கல்

பருத்திப்பட்டு வீராசாமி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் சர்வே இலாகாவில் இருபது வருஷம் அளவுகோல் பிடித்த கை அது. இமயமலை அடிவாரத்தில் பனி கொட்டும்போதும் அவர் பிடித்த கோல் இம்மி அசைந்ததில்லை. "வீராசாமி பிடிச்சா கணக்கு தப்பாது" என்று பெரிய படிப்புப் படித்த அதிகாரிகளே சொன்னார்கள். பொய்யில்லை.

மலை வளர்கிறது, நகரவும் செய்கிறது. வருஷத்துக்கு நகக்கண் அளவுதான். அதைக் கண்டுபிடிக்க, கடல்மட்டத்திலிருந்து கல் கல்லாக உயரம் அளந்துகொண்டே போக வேண்டும். வருஷங்கள் கழித்து அதே கற்களை வைத்து மறுபடி அளக்க வேண்டும். கல் நகர்ந்தால் மலைக் கணக்கே பொய்.

1972-இல் மறு அளவு வந்தது. குமணன்சாவடிக் கல்லில்தான் தொடக்கம். பத்து வருஷத்துக்கு முன் வீராசாமியே புதைத்த கல். போய்ப் பார்த்தால் புளியமரத்தடியில் குழிதான் இருந்தது. கல், முனியம்மாவின் இட்லிக் கடைக்குப் பின்னால் ஈரத் துணியோடு, தோய்க்கும் கல்லாகக் கிடந்தது.

"இன்னாம்மா இது? கவர்மெண்டு கல்லு."

"மூணு வருசமா இங்கதான் கீது. இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"இத்த வச்சித்தாம்மா இமயமலைய அளக்குறோம். மலை வளருது, தெரியுமா உனுக்கு?"

"வளரட்டும் நைனா. அது துணிய நானா தோய்க்கப் போறேன்?"

வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

கூட வேலை செய்யும் துலுக்கானம் காதோரம் வந்தான். "கம்முனு குழில வச்சி மண்ண தள்ளு அண்ணாத்தே. இல்லாங்காட்டி போரூர்ல கீற அடுத்த கல்லுலேர்ந்து அளந்துகினு வரணும். நாலு மைலு."

முனியம்மா திட்டத் திட்டத் தூக்கி வந்து நட்டார்கள். கல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிடுங்கிய சுவடே இல்லை.

அதிகாரி குணசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். "கல்லு சரியா இருக்கா வீராசாமி?"

வீராசாமி கோலைக் கல்மேல் நிறுத்தினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கோல் ஆடியது.

"என்னய்யா, கோல் ஆடுது?"

"கல்லு சரியில்ல சார். எவனோ புடுங்கிட்டான். இப்பத்தான் நாங்க நட்டோம். பழைய உயரம் இருக்காது."

"போரூர் போகணும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். துலுக்கானம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீராசாமி கோலைத் தோளில் போட்டார்.

பின்னாலிருந்து முனியம்மா குரல் கொடுத்தாள். "அப்ப அந்தக் கல்லு எனக்குத்தானே?"

"எடுத்துத் தொலை" என்றார் வீராசாமி, திரும்பிப் பார்க்காமல்.