பிரகதாம்பாளின் மூன்று தாவல்

குற்றச்சாட்டு இது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கூடிய புதுக்கோட்டை வட்டாரத் தபால் சதுரங்கச் சங்கத்தின் தீர்ப்புக் குழு, அரிமளம் பிரகதாம்பாள் வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைச் சமம் என்று உறுதிசெய்தது. அத்தோடு நில்லாமல், "தேதி முத்திரையைத் தம் கையில் வைத்திருப்பவர் காட்டும் தேதியை ஏற்பதற்கில்லை" என்று ஒரு வரியையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியது. முன்னது பிழை. பின்னது அவதூறு. இரண்டுக்கும் ஆவணம் உண்டு.

பிரகதாம்பாள் அரிமளம் தபாலாபீஸில் கிளார்க். அவருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை. 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் புதுக்கோட்டையில் ஏலத்துக்கு வந்தன. அங்கே அம்மி வாங்கப் போனவர், ஒரு சதுரங்கப் பெட்டியோடு திரும்பினார். மூடியின் உட்புறம் விதிகள் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டு ராஜா, இரண்டு குதிரை, ஐந்து சிப்பாய். மற்ற காய்கள் எந்த வீட்டு அடுப்புக்குப் போயினவோ தெரியாது.

அரிசி மில்லில் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் ஏகாம்பரம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, பந்தியில முக்காவாசிப் பேரு எந்திரிச்சுப் போனதுக்கு அப்பறம் பாக்குற மாதிரி இருக்கு?"

"மிச்சம் ஒக்காந்திருக்கிறவங்களுக்குப் பரிமாற வேணாமா?" என்றார் பிரகதாம்பாள்.

அப்படித்தான் தொடங்கியது. மற்றவர்கள் ஆட்டத்தை முதலிலிருந்து கற்பார்கள். பிரகதாம்பாள் முடிவிலிருந்து கற்றார். குதிரையும் சிப்பாயும் மட்டும் எஞ்சிய நிலைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வெல்வதைச் சிவப்பு மையிலும் சமமாவதைக் கறுப்பு மையிலும் நோட்டில் எழுதினார். பத்து ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு நிலைகள். குறைந்த காய்களுக்கு நூற்கண்டுக் கட்டைகளை வைத்துக்கொண்டபின் முழு ஆட்டமும் ஆடினார். ஆனாலும் அவருடைய தந்திரம் ஒன்றே: காய்க்குக் காய் வெட்டிக் கொடுத்து, எதிராளியைத் தம் பழைய பெட்டிக்குள் இழுத்து வந்துவிடுவது. உள்ளே வந்தவர் வெளியே போவது கடினம்.

1957இல் சங்கம் தபால் வழிப் போட்டியை அறிவித்தது. ஒரு நகர்த்தலுக்கு ஓர் அஞ்சலட்டை. 1959 மார்ச் 31 அன்று முடியாமல் நிற்கும் ஆட்டங்களுக்குக் குழு தீர்ப்புச் சொல்லும் என்பது விதி. பெயர் கொடுத்த அன்றே பிரகதாம்பாள் தமக்குத் தாமே ஒரு விதியும் செய்துகொண்டார். தம் சதுரங்க அட்டைகளில், போவதானாலும் வருவதானாலும், தாம் முத்திரை குத்துவதில்லை. தபால்காரர் கருப்பையாதான் குத்த வேண்டும். குத்திவிட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும்.

"நீங்களே ஒரு குத்துக் குத்திக்கிட்டா என்னக்கா?" என்று கருப்பையா அலுத்துக்கொள்வார்.

"நாளைக்கு ஒருத்தர் கேப்பாங்க."

"ஒரு மரக்குதிரைக்கு யாருக்கா வந்து கேக்கப் போறா?"

கடைசி ஆட்டம் மணமேல்குடிக் கருவாட்டு வியாபாரி முகமது இப்ராஹிமோடு. மார்ச் மாதக் கடைசியில் பலகையில் நான்கே காய்கள். பிரகதாம்பாளின் ராஜா மூலையில். அதற்கு முந்தைய கட்டத்தில் அவருடைய சிப்பாய். இன்னும் ஓரடி வைத்தால் மந்திரியாகிவிடும். ஆனால் அந்த ஓரடிக்குச் சொந்த ராஜாவே குறுக்கே நிற்கிறது. இப்ராஹிமிடம் இருந்ததோ ஒற்றை ராஜா. அது ஒரு வெள்ளைக் கட்டத்துக்கும் ஒரு கறுப்புக் கட்டத்துக்குமாக மாறி மாறி நகர்ந்து, மூலையின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு கட்டத்தில் நிற்கும்போது மற்றக் கட்டத்தைப் பிரகதாம்பாளின் குதிரை மறித்துவிட்டால், ராஜா விலகியே தீர வேண்டும்; வாசல் திறந்துவிடும்.

இந்த நிலை அவருடைய நோட்டில் நாற்பத்தொன்றாவது பக்கத்தில் இருக்கிறது. குதிரை தாவும்தோறும் கட்டத்தின் நிறம் மாறும். வாசலை அடைக்கும் ராஜாவுக்கும் அப்படியே. இருவரில் ஒருவராலும் ஒரு முறையைச் சும்மா கழிக்க முடியாது. ஆகவே, பிரகதாம்பாளின் முறை வரும்போது குதிரையும் எதிரி ராஜாவும் வெவ்வேறு நிறத்தில் நின்றால் வெற்றி. ஒரே நிறத்தில் நின்றால் ஆயுள் முழுக்கத் தாவினாலும் சமம்தான். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது மட்டும் போதாது. யார் முறை என்பதே உயிர்நிலை.

மார்ச் 28ஆம் தேதி அட்டையில் பிரகதாம்பாள் குதிரையை ஒரு வெள்ளைக் கட்டத்தில் வைத்தார். இப்ராஹிம் 30ஆம் தேதி அட்டையில் தம் ராஜாவை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நகர்த்தினார். அட்டை 31ஆம் தேதி வந்து சேர்ந்தது. குதிரை வெள்ளையில், ராஜா கறுப்பில், முறை பிரகதாம்பாளுடையது. மூன்று தாவலில் முடிந்துவிடும்.

சங்கம் அனுப்பிய படிவத்தில் பலகையின் படம் இருந்தது. யார் முறை என்பதற்கு இடமில்லை. அவர் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி அனுப்பினார். படிவத்துக்கு வெளியே எழுதியதைக் குழு படிக்காதாம். அனுப்பியவர் ஆடி முடித்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார், ஆகவே இப்ராஹிமின் முறை என்று அனுமானித்துச் சமம் என்றது. அனுமானம் உண்மையாயிருந்தால் தீர்ப்பும் சரியே. இதைப் பிரகதாம்பாள் தம் ஆட்சேபணையின் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டார். இப்ராஹிமின் அட்டையையும் இணைத்தார். அதற்கு வந்த பதில்தான் தொடக்கத்தில் சொன்ன ஏப்ரல் 19ஆம் தேதித் தீர்மானம். முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த கருப்பையாவின் கையெழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஒரு தேதியைக்கூடத் தவறாகக் குத்தாத பிரகதாம்பாள், அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

மே மாதம் இப்ராஹிம் பஸ் ஏறி வந்தார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"வாங்க மரைக்காயரே, உக்காருங்க."

"உக்கார வரலை தாயி. தோத்துட்டேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். அந்த முப்பதாந் தேதி கார்டு எழுதுறப்பவே எனக்குக் கை நடுங்கிப்போச்சு."

"நடுங்குன எழுத்தையும் பத்திரமா வச்சிருக்கா. பாக்குறீகளா?" என்றார் ஏகாம்பரம்.

பிரகதாம்பாள் தாளைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இதை அனுப்புனா நீங்க விட்டுக்குடுத்ததா ஆயிரும். எங் குதிரை கெலிச்சதா ஆகாது. என் முத்திரை மேல சொன்ன சொல்லும் அப்படியே நிக்கும்."

"அப்ப என்னதான் செய்யுறது?"

"ஒங்க ராஜா இருபத்தெட்டாந் தேதி எங்க நின்னுச்சு?"

"வெள்ளையில."

"கறுப்புக்கு எப்படி வந்துச்சு?"

"நான் போட்ட கார்டுலதான்."

"அந்தக் கார்டை ஏத்துக்க முடியாதுங்குறாங்க. ஆனா அதுல வந்த ராஜாவை மட்டும் கறுப்புல வச்சுத் தீர்ப்புச் சொல்லியிருக்காங்க."

 இப்ராஹிம் வாய்விட்டுச் சிரித்தார். "மீனை எடுத்துக்கிட்டுக் கூடையைத் திருப்பி விட்டுட்டாங்களே, தாயி." அதன்பின் உட்கார்ந்தார், மோரும் குடித்தார்.

அன்று மாலையே மனு எழுதப்பட்டது. அதன் சாரம் இது: அட்டையை ஏற்றால், ராஜா கறுப்பில், பிரகதாம்பாளின் முறை, வெற்றி. அட்டையை ஏற்காவிட்டால், ராஜா இன்னும் வெள்ளையில், இப்ராஹிமின் முறை. அது கறுப்புக்குத்தான் போயாக வேண்டும், போனால் அதே நிலை, அதே வெற்றி. ராஜாவை வைத்துக்கொண்டு அட்டையைத் தள்ளினால் மட்டுமே சமம். அதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

மனு நான்கு முறை பதிவுத் தபாலில் போயிருக்கிறது. நான்கு ஒப்புகைச் சீட்டுகளும் வந்திருக்கின்றன, பதில் வரவில்லை. பிரகதாம்பாள் இதற்காக ஆட்டத்தை நிறுத்திவிடவில்லை. இப்ராஹிமோடு இது மூன்றாவது ஆட்டம். காய் வெட்டக் கொடுத்தாலும் அவர் இப்போது வெட்டுவதில்லை. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு தரம் போக மாட்டாராம். அட்டைகளில் கருப்பையாதான் இன்றும் முத்திரை குத்துகிறார், கையெழுத்தும் போடுகிறார். இப்போது அலுத்துக்கொள்வதில்லை.

இன்று 1962 ஜூலை 2. சங்கத்தின் தீர்ப்புக் குழு இரண்டு கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். 1959 மார்ச் 31 அன்று இப்ராஹிமின் ராஜா எந்தக் கட்டத்தில் நின்றது? எந்த அட்டையின் பேரில் அங்கே நின்றது? விடை தெரிந்தபின், ஆட்டம் பிரகதாம்பாளுக்கு வெற்றி என்று பதிந்து, முத்திரை பற்றிய அந்த வரியைத் தீர்மானப் புத்தகத்திலிருந்து அடித்து, அடித்த இடத்தில் உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் சமாதானம் ஏற்கப்படாது. இருபத்தொரு நாட்களுக்குள், தேதியிட்டு, எழுத்து மூலம் பதில் அனுப்புக.