ஐம்பத்தோராவது பெயர்

இப்போதெல்லாம் வருகைப்பதிவைக் கைபேசியில் போடுகிறார்கள். நாலு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. கணக்கு வாத்தியாருக்கு அதில் ருசியே இல்லை. முதலில் வேலை பார்த்த பள்ளியின் நீல அட்டைப் பதிவேடும், ஐம்பது தொண்டைகளிலிருந்து ஐம்பது விதமாகக் கிளம்பிய “உள்ளேன் சார்” என்ற குரல்களும் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டில் முதல் பட்டதாரி அவர். விடுப்புக் கடிதத்தில்கூடக் கையெழுத்துக்குக் கீழே இரண்டு பட்டங்களையும் எழுதிவிடுவார்.

“காய்ச்சலுக்கு எதுக்கு சார் பட்டம்?” என்று சீண்டுவார் ஓவிய ஆசிரியர்.

“எங்கப்பா கைநாட்டு சார். அவருக்கும் சேர்த்துப் போடுறேன்.”

அந்தப் பள்ளியில் ஓர் ஆண்டு எட்டாம் வகுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. நடுவில் ஒரு மாதத் தொடக்கத்தில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் பிடித்தது சனி. கரும்பலகைப் பக்கம் அவர் திரும்பினால் போதும், “ஐயோ பல்லி!” என்று ஓர் அலறல். மறுநாள் கண்ணில் தூசி, அடுத்த நாள் மயக்கம். மயங்கியவள் ஒரு கண்ணைத் திறந்து, யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தார்கள்.

அவர் திட்டிப் பார்த்தார். வெளியே நிறுத்தினார். வாசலில் நின்றபடி உள்ளே இருப்பவர்களுக்கு முகத்தைக் கோணிக் காட்டினாள். விஷயம் தலைமையாசிரியை வரைக்கும் போனது.

“என்னென்னைக்கு என்னென்ன செஞ்சான்னு தேதியோட எழுதிக் கொடுங்க. வெள்ளிக்கிழமை அவ அம்மாவை வரச் சொல்லி டி.சி. கொடுத்து அனுப்பிடலாம்” என்றார் தலைமையாசிரியை.

வியாழன் மாலை, தேதி பார்க்க ஆசிரியர் அறையில் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கத்துக்கு ஐம்பது வரிதான். தாமதமாக வந்தவள் பெயரை அலுவலகத்தில் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் திருப்பியதே இல்லை. ஐம்பதோடு மூடிவிடுவது பழக்கம். பெயருக்கு எதிரே மூன்று வாரக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. வரவும் இல்லை, வராததும் இல்லை.

எட்டிப் பார்த்த ஓவிய ஆசிரியர் விட்டாரா?

“ரெண்டு பட்டம் வாங்கினீங்க. பக்கம் திருப்பத் தெரியலையே சார்!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் ஐம்பது பெயர் முடியும்வரை ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். பெயரைக் கூப்பிடாவிட்டால் அப்புறம் அவள் கத்தாமல் என்ன செய்வாள்?

புகார்த் தாளை எழுதாமலே தலைமையாசிரியையிடம் போனார். “தப்பு என் பேர்ல மேடம். இருபது நாளா அவளை நான் கூப்பிடவே இல்லை. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுங்க.”

“அதுக்கப்புறமும் கத்தினா?”

“நானே எழுதித் தர்றேன்.”

மறுநாள் பக்கத்தைத் திருப்பி அவள் பெயரைச் சொன்னார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஊரைக் கூட்டுகிறவளுக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. “உள்ளேன் சார்” என்றாள், பக்கத்துப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்காக உடனே திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அன்று மத்தியானமே பல்லி வந்தது. அவர் திரும்பாமல் கணக்கைத் தொடர்ந்தார். பிள்ளைகளையும் திரும்பவிடவில்லை. ஆனால் அவள் சத்தமில்லாமல் ஒரு கணக்கைப் போட்டு முடித்தபோது, கூப்பிடாமலே பக்கத்தில் போய் நின்றார். “இந்த வழி எனக்கே தோணலையேம்மா!” என்றார். பல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று ஆனது.

அடுத்த மாதக் கடைசியில் தலைமையாசிரியை வகுப்புக்கே வந்தார். கால் மணி நேரம் பின்னால் நின்றார். மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

“யாரு சார் அந்த சைரன்?”

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசைப் பையன் எழுந்தான்.

“அப்படி யாருமே இல்லை மேடம். எங்க கிளாஸ்ல நாங்க மொத்தம் ஐம்பத்தோரு பேர்தான்.”