காய் மேலே நின்ற மூட்டை

மூலிகைக் கடைக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் முகர்ந்தே செடியின் பேர் சொல்லிவிடுவார். புற்றுநோயைத் தடுக்குமா என்று சோதிக்க, ஆய்வுக்கூடத்துக்குக் கீழாநெல்லி கொடுப்பவர் அவர்தான்.

“ஐயா, போன மூட்டைச் சாறு புற்றுச் செல்லை வளரவிடலை. இந்த மூட்டை ஒண்ணுமே செய்யலை. செடி மாறிப்போச்சா?” என்றார் ஆய்வாளர் அம்மா.

“மாறுமா? நாப்பது வருஷ மூக்கும்மா இது!”

அம்மா கொண்டுவந்திருந்த பழைய மூட்டையின் மிச்சத்தையும் புதிய மூட்டையையும் கடைக்காரர் பிரித்தார். புதியதில் காய் இலைக்கு அடியில் இருந்தது, கீழாநெல்லிதான். பழையதில் மேலே நின்றது. மேலாநெல்லி! சளியில் மூக்கடைத்த வாரம் கட்டியது.

வாயை மூடிக்கொண்டால் பேர் பிழைக்கும். அந்த அம்மாதான் ஒன்றும் செய்யாத கீழாநெல்லியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவார்.

“தப்பு என்னுதும்மா. போன தடவை வந்தது மேலாநெல்லி” என்றவர் மீசையைத் தடவினார். “பாத்தீங்களா, என் தப்புகூட வீணாப் போகலை!”