தூக்கத்தில் எழுந்த கை

அத்தையின் பச்சைக் கண்ணாடி வளையல்கள் உடைந்து படுக்கை விரிப்பின் மடிப்புகளில் கிடந்தன. காலையில் விரிப்பை உதறப் போனபோது ஒரு துண்டு என் விரலைக் கீறியது. அடுப்படியில் அத்தை எனக்கு முதுகைக் காட்டியபடியே காபி ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பியபோது இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "கதவு இடிச்சிடுச்சும்மா" என்றார். கதவு எப்படி வளையலை உடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்க விடவும் இல்லை.

அத்தை என் மாமியார். மாமா என் மாமனார். கணவர் சிங்கப்பூரில் இருக்க, நான் பாபநாசத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்தில் அவர்களுடன் இருந்தேன். மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும், மழைக்காலத்தில் கரை உடையாமல் பார்த்துக்கொள்வதும்தான் அவர் வேலை. தண்ணீருக்காக ஊரே அவரிடம் சண்டை போட்டிருக்கிறது. அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அத்தையை 'டி' போட்டுக்கூடக் கூப்பிடாத மனிதர்.

அப்படிப்பட்டவர் தூக்கத்தில் வேறு ஆளாகிவிடுவார். "மதகுப் பலகையத் தூக்காதே! உடைப்பு எடுத்துக்கும்!" என்று கத்துவார், உதைப்பார், கண்ணை மூடியபடியே கையை வீசுவார். விடிந்ததும் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, சில சமயம் கனவு மட்டும் அரைகுறையாக நிற்கும். வீட்டுக்குள் இருந்த இந்த விஷயம் வெளியே போகும்போது உருமாறிப் போனது. சத்தம் கேட்டவர்களும் அத்தையின் முகத்தைப் பார்த்தவர்களும் ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். லஸ்கர் வயசான காலத்தில் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறார் என்று பேச்சு திருத்துறைப்பூண்டி வரைக்கும் போயிற்று. அங்கிருந்து அத்தையின் அண்ணன் வந்து இறங்கினார்.

வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "என் தங்கச்சி மேல கை வச்சீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

மாமா நின்றபடியே இருந்தார். "வச்சிருக்கேன் போலருக்கு. எனக்கு ஞாபகம் இல்ல மச்சான்."

"குடிகாரன் பேசற பேச்சு இது."

"அவரு குடிக்க மாட்டார்ண்ணே, தூக்கத்துல நடக்குது" என்று அத்தை இடையில் வந்தார். அண்ணன் நம்பவில்லை. அறுவடை முடிந்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே மாமா தன் கட்டிலைப் பம்புசெட் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வலது மணிக்கட்டைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். சில நாள் கழித்துத் தோள் பிசகி, கையைத் தூக்க முடியாமல் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாளே விடுப்பு எடுத்து இருவரையும் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் மாமாவைவிட அத்தையிடம்தான் நிறையக் கேட்டார். என்ன கத்துகிறார், எழுந்து நடக்கிறாரா, எழுப்பினால் உடனே தெளிகிறாரா என்று ஒவ்வொன்றாக. பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, மாமாவைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் சொன்னார்: "கனவு வர்ற நேரத்துல மூளை நம்ம உடம்பு அசையாம இருக்க ஒரு கட்டுப் போட்டு வைக்கும். ஐயாவுக்கு அந்தக் கட்டு தளந்துடுச்சு. அதான் கனவுல செய்யறத உடம்பும் செய்யுது."

"அப்ப நான் இவங்கள அடிக்கலியா டாக்டர்?"

"நீங்க கனவுல வந்த ஆள அடிச்சீங்க. இவங்க பக்கத்துல படுத்திருந்தாங்க, அவ்வளவுதான்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலில் கொடுத்த மாத்திரை கையை அடக்கியது. ஆனால் பகலிலும் அவரைத் தள்ளாட வைத்தது. வரப்பில் கால் இடறி நடவு வயலில் விழுந்தார். அதை நிறுத்திவிட்டு மெலடோனின் எழுதிக்கொடுத்தார் மருத்துவர். இருட்டினால் மூளை தானே சுரக்கிற பொருள்தானாம் அது. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, கொஞ்சத்தில் தொடங்கி ஏற்றிப் பார்க்கலாம் என்றார். சிங்கப்பூரிலிருந்து என் கணவர், "மிட்டாய் மாதிரியே கிடைக்குமாம், வாங்கி அனுப்பவா?" என்று கேட்டார். எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். கட்டில் போய்த் தரையில் மெத்தை வந்தது. டார்ச், சொம்பு, நாற்காலி எல்லாம் அறையை விட்டு வெளியேறின.

முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு வங்கியில் எந்த வேலையும் ஓடவில்லை. வயல்கள் பழுக்கப் பழுக்க, அறுவடை முடிந்ததும் வருவேன் என்ற அந்த அண்ணனின் பேச்சே காதில் நின்றது. மருத்துவர் அளவைக் கூட்டினார். மெல்ல மெல்லக் கத்தல் முணுமுணுப்பானது. அத்தை தன் தலையணையை மாமாவின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்.

"வேணாம். இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றார் மாமா.

"ஒண்ணும் ஆவாது. நடுவுல ரெண்டு தலகாணி வச்சுக்கலாம். நகருங்க."

அறுவடை முடிந்து அண்ணன் வந்தார். சொன்னபடி தங்கையைக் கூப்பிடவும் செய்தார். அத்தை மருத்துவர் சொன்னதையெல்லாம் சொல்லி, மாத்திரை அட்டையையும் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமாவிடம், "தோள் இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ள?" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் காலையில் மாமா கலங்கிய முகத்தோடு எழுந்து வந்தார். "கரை உடைஞ்சு தண்ணி போவுது. ஓடணும்னு பாக்கறேன், கால் வரல. நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். எங்களுக்கெல்லாம் கனவு அப்படித்தான் வரும் என்று நான் சொன்னேன். அத்தை சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மாத்திரை தொடர்கிறது, எப்போதாவது ஒரு உதை வந்து தலையணையில் விழும். ஆனால் மருத்துவர் முடிவு சொன்ன அன்றைக்கே இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்தத் தொந்தரவு சிலருக்குப் பின்னால் வரப்போகும் நடுக்க நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மாத்திரை அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து என் கண்கள் அவர் கைகளை விடுவதில்லை. டம்ளரைப் பிடிக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, கையெழுத்துப் போடும்போது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்க்கிறேன்.

போன மாதம் தஞ்சாவூரில் மாமாவை நடக்கச் சொல்லிப் பார்த்த மருத்துவர், நடையில் இடது கை முன்போல் வீசவில்லை, அந்த நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்றார். இப்போதைக்கு எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, அடுத்த முறை பார்ப்போம் என்றார். திரும்பும் பஸ்ஸில் அய்யம்பேட்டை தாண்டியதும் மாமா அத்தையின் பக்கம் திரும்பினார்.

"கை நடுங்க ஆரம்பிச்சா என்ன பண்ணுவ?"

அத்தை டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"புடிச்சுக்குவேன்" என்றார்.