மரக்காலுக்குப் பேட்டண்ட்

என் வீட்டுக்காரர் படகு செய்யும் தச்சர். துறைமுகத்தில் இரும்புப் பெட்டி விழுந்து என் தம்பிக்கு முட்டிக்கு மேலே ஒரு கால் போனதும், அவனுக்கு மரக்கால் செய்ய உட்கார்ந்தார். நின்றால் முட்டி பூட்டிக்கொள்ளும், உட்கார்ந்தால் மடங்கும். அதற்குள்ளே ஏதோ ஸ்பிரிங் வைத்திருந்தார். கட்டின பெண்டாட்டிக்குக்கூட அதைக் காட்டவில்லை! சன்னலுக்கெல்லாம் சாக்குத் துணி.

"எதிர்த்த கடைக்காரன் பார்த்தா நாளைக்கே செஞ்சிருவான்லா," என்பார்.

எவனும் காப்பியடிக்கக் கூடாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் உரிமைக்குப் பேட்டண்ட் என்று பெயராம். அது கைக்கு வந்துவிட்டால், பினாங்கில் கால் இழந்தவர்கள் எல்லாம் தன்னைத் தேடித்தான் வரவேண்டும் என்று கனவு கண்டார். கடைக்குப் பெயர்ப்பலகைகூடச் செய்து முடித்துவிட்டார். ஆசையைப் பாருங்களேன்!

கால் பொருந்தியதும் தம்பியை வீட்டில் பிடித்துவைக்க முடியுமா? தைப்பூசத்தன்று காவடியோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறினான். உச்சியில் காவடியை இறக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியை மடக்கி நிமிர்த்திக் காட்டினான். கூட்டம் வாயைப் பிளந்தது. மகா ரகசியக்காரர் என்ன செய்தார் தெரியுமா? "நான் செஞ்ச காலு! உள்ள ஸ்பிரிங்கு இருக்கு, பாருங்க!" என்று கத்தினார். கத்திவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

பிறகுதான் மூவருமாக லாயரைப் பார்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் வரைந்திருந்த காலின் படத்தை அவர் ரசித்துப் பார்த்துவிட்டு, "இதை வெளியில யாராவது போட்டு நடந்திருக்காங்களா? ஊரு பார்த்த சாமானுக்குப் பேட்டண்ட் கெடைக்காது," என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. தம்பி சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "இல்லீங்கையா! நான் வீட்டு வாசல்கூட தாண்டினதில்ல."

என் வீட்டுக்காரர் அந்தப் புளுகனின் தோளில் கை வைத்தார். பிறகு, "பொய் சொல்றான் ஐயா. தைப்பூசத்துக்கு மலை ஏறினான். ஊரே பார்த்துச்சு," என்றார்.

தெருவுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருப்பீங்க?"

"அவன் மலையே ஏறலேன்னு என் வாயால எப்படிச் சொல்றது? பேட்டண்ட் போனா போகட்டும்."

அன்று தம்பி ரிக்‌ஷா வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வீடு வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்தே வந்தான்.