ஃப்யூஸ் இல்லாத ரிப்பீட்டரில் என் குரல்

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வயர்லெஸ் ரிப்பேர்தான் தொழில். சத்தம் வந்தால் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. சிரிப்பதென்றால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கும்பகோணத்துக்குத் தெற்கே, சம்பா அறுவடை நேரம். அறுவடை மிஷின்களை வாடகைக்கு விடும் ஒருவர், டிரைவர்களோடு பேச வாக்கி-டாக்கி வைத்திருந்தார். வயலிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பி அனுப்ப, ஒரு ரைஸ்மில்லில் ரிப்பீட்டர் பெட்டி. மில்லின் தண்ணீர்த்தொட்டி மேல் இரும்புக் குழாயில் ஆன்டெனா. தூரத்து வயல்களில் பேச்சு விட்டுவிட்டு வருகிறது என்று கூப்பிட்டார். பவரைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. மேலே கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் எவ்வளவு பவர் கொடுத்தாலும் அங்கேயே செத்துவிடும்.

என்னோடு வேலை செய்யும் சேகர் ஏறினான். யாராவது தெரியாமல் ஆன் செய்துவிடக் கூடாதே என்று ரிப்பீட்டர் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நல்ல வெயில், மில் ஓடவில்லை, கையில் டீ, ஆனாலும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது, மேசை மேல் கிடந்த வாக்கி-டாக்கியில் என் குரல் கேட்டது. சத்தியமாக என் குரல்.

"சேகர், எறங்கு! கைய எடுத்துட்டு எறங்குடா!"

அவன் இடுப்பிலிருந்ததிலும் கேட்டிருக்கிறது. விறுவிறுவென்று இறங்கி வந்தான். "எதுக்குண்ணே அப்படிக் கத்துனீங்க?"

"நான் எங்கடா கத்துனேன்?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

ஃப்யூஸை எடுத்துக் காட்டினேன். அவன் முகம் மாறுவதற்குள் மேலே கிரீச்சென்று ஒரு சத்தம். துருப்பிடித்த கிளாம்ப் விட்டுப்போய், இவ்வளவு நேரம் அவன் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குழாய், ஆன்டெனாவோடு நெல் காயப்போடும் களத்தில் வந்து விழுந்தது.

இருவருக்கும் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. சாயங்காலம் மணி போன் செய்தான். கடைசி வயலில் மிஷின் ஓட்டுகிறவன். சேகரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சூப்பர்ணே! மத்தியானம் நீங்க சேகர எறங்கச் சொன்னது பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்டுச்சு. ஆமா, உங்க பின்னாடி ஒரு பொம்பளை ஓன்னு அழுதாங்களே, யாருண்ணே அது?"

ரிப்பீட்டர் இல்லாமல் அந்தத் தூரத்துக்கு எங்கள் வாக்கி-டாக்கி எட்டவே எட்டாது. அழுகையோ, எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. சேகர் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது.

புதுக் கிளாம்ப், புதுக் கேபிள் போட்டோம், சிக்னல் இன்று பிரமாதம். ஆனால் அந்த வாரமே சேகர், ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லாமல், தன் மனைவியின் குரலை அதுவரை கேட்டிராத மணியைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். மனைவிதான் பரிமாறியிருக்கிறாள், சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறாள். அதற்குப் பிறகு மணியிடம் அந்த அழுகையைப் பற்றி எப்போது கேட்டாலும், மழை வருமா அண்ணே என்று பேச்சை மாற்றிவிடுகிறான்.