தறிக்குடோன் ஜன்னலோரத்து அவரை

அவரைக்காய் பிடிக்காது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நாரைச் சரியாக உரிக்காத வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள், பாவம். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிச் சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு வந்தபோது, உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் விளைந்த கொடி அவரை விதையைப் பவுடர் டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். நகையை எங்கே வைத்தேன் என்று மறந்தாலும் அந்த டப்பா இருக்கும் இடம் மறக்காது.

புகுந்த வீட்டில் என் கணவரும் அவருடைய அம்மாவும்தான். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்கு யார் பேசுவதும் காதில் விழாது. அத்தை திட்டுகிறாரா, சாப்பிட்டாயா என்று கேட்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகமும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குடோனுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. ஆடி மாதம் அதைக் கொத்தி, சாணி எருவைக் கலந்து, விதை ஊன்றினேன். அப்போது நான் உண்டாகியிருந்தேன், குமட்டலில் சமையல்கட்டுப் பக்கம் போகவே முடியாது. ஈர மண் வாசனை ஒன்றுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. குடோனின் பெரிய ஜன்னலுக்கு நேராக இருந்த இடத்தை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகும் குடோன் டியூப் லைட் வெளிச்சம் அங்கே விழும், பூச்சி பொட்டு தெரியும், விளக்கில்லாமலே வேலை பார்க்கலாம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கொடி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். மூங்கில் நட்டு, தறியில் மிஞ்சும் கழிவு நூலை முறுக்கிக் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் பந்தல் போட்டேன். புரட்டாசி மழைக்குள் பந்தல் மூடிவிட்டது. அசுவினிப் பூச்சி வந்தது, அடுப்புச் சாம்பலைத் தூவினேன். இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, கரும்பச்சையாக நின்றது. பூ மட்டும் இல்லை.

ஐப்பசி போயிற்று. பக்கத்து வீட்டு வேலியில் யாரும் கவனிக்காமல் தானாக முளைத்த அவரை ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. என்னுடையது இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேலி அவரையைப் பார்க்கக்கூடாது என்று சுற்றுவழியில் கடைக்குப் போனேன்.

அத்தைக்கு இது நல்ல தீனி. "அம்மணி, காய் வராட்டி என்னுங்கறேன், இதுக்குக் கீழ ஒரு கண்ணாலமே வெக்கலாமாட்ட இருக்குது!" என்பார். மாட்டுக்காரர் யாராவது தெருவில் போனால், "ஏனுங்க, தழை வேணுமுங்களா? எங்கூட்ல மானாவாரியா இருக்குது" என்று கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. அந்த இடத்தில் குடோனை இழுத்துக் கட்டி, இன்னும் இரண்டு தறி போடுவதாகக் கணவர் முடிவு செய்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. குடும்பம் பெருகப் போகிறது, தறியும் பெருக வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. "தை பொறந்ததும் வேலைய ஆரம்பிச்சரலாம் புள்ள. அதுக்குள்ள கொடி காச்சுதுன்னா இந்த வருசம் உட்டரலாம். இல்லாட்டி வெட்டிப்போட்டுக் கல்லைக் கட்டீரலாம்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த வீட்டில் நான் கொண்டுவந்து நான் வளர்த்தது என்று இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான். அதை வெட்டிவிட்டால் நான் அங்கே விருந்தாளியாகிவிடுவேன் என்று மனதுக்குள் ஒரு பயம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மனசு இப்படித்தான் இருக்கும் என்று மோர் கொடுத்துவிடுவார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் துணி காயப்போடும்போது பார்த்தேன். கொடியின் ஒரு கிளை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் இறங்கியிருந்தது. அதில் பூ! கொத்துக் கொத்தாக இல்லை, இரண்டு மூன்று காம்புதான், ஆனாலும் பூ. ஒரே கொடி, ஒரே வேர். இந்தப் பக்கம் ஏன் பூக்கவில்லை? அன்று பொழுது சாய்ந்ததும் மறுபடி போய் நின்றேன். ஜன்னல் வெளிச்சம் பந்தல் முழுக்கப் பட்டப்பகலாக விழுந்தது. தொட்டிக்குப் பின்னால் மட்டும் கும்மிருட்டு.

எங்கள் தோட்டத்தில் ஏழு மணிக்கு மேல் மினுக்கட்டாம்பூச்சியைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அங்கே அவரை பனிக்காலம் வந்ததும் பூக்கும். பொழுது குறுகி இராத்திரி நீண்டால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும் போலிருக்கிறது. இங்கே அதற்கு இராத்திரியே வரவில்லை. ஆடியிலிருந்து ஒரே நீளப் பகல். தறிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்ட விவசாயி மகள்தான் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். கணவர் வாயில் சோற்றோடு சிரித்தார். "அவரைக்குத் தூக்கம் கெட்டுப்போச்சாக்கும்? ராத்திரி ஷிப்டை நிறுத்திப்போடலாமா?" என்றார். அத்தை ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஜன்னலடியில்தான் அத்தையின் தார் மெஷின் இருந்தது. தறிக்கு வேண்டிய ஊடை நூலை அதில்தான் சுற்றுவார். பஞ்சுத் தூசியும் மோட்டார் சூடும் நிறைந்த குடோனில் அவர் முகத்தில் காற்றுப் படுவது அந்த ஜன்னலால் மட்டும்தான். பொழுது சாய்ந்து வெகு நேரம் வரை அங்கே உட்கார்ந்திருப்பார்.

அதே மாதம் கட்டுச்சோறு. என் பிறந்த வீட்டார் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார்கள். கிளம்பும்போது எல்லோரும் வாசலில் நிற்க, நான் கால் மரத்துவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பெரியம்மா, புருஷனை விட்டுப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தையில் பெண் குழந்தை பிறந்தது. பொங்கல் போயிருந்தது. குடோன் வேலை ஆரம்பித்திருப்பார்கள், கொடி போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குழந்தையைப் பார்க்க வந்த கணவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் வழக்கமே அதுதான், பாதிச் செய்தியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவார்.

சில நாள் கழித்து அத்தை பஸ்ஸில் தனியாக வந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "மூக்கு எங்கூட்டு மூக்கு. வாய் உன்ரது, நல்லாப் பேசும்" என்றார். பிறகு மஞ்சப்பையை என் பக்கம் தள்ளினார். ஈரத்துணியில் சுற்றி, உள்ளே அவரைப் பிஞ்சு. விதை பிடிக்காத, சுண்டுவிரல் நீளப் பிஞ்சு. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, ஓரத்தில் அந்த ஊதா ரேகை எங்கள் தோட்டத்து அவரைக்குத்தான் உண்டு.

"அத்தை... இது நம்ம கொடிங்களா?"

"பின்ன என்ன, உழவர் ஊட்டுக்கு நான் கடையில வாங்கிட்டா வருவேன்? முத்த உட்டா ருசிதான். ஆனா பத்தியத்துக்குப் பிஞ்சுதான ஆகும். அதான் தினமும் பாத்துப் பாத்துப் பறிச்சேன்."

எப்படிக் காய்த்தது என்று கேட்டேன். எங்கள் தறியில் நெய்து டேமேஜ் ஆன காடாத் துணியை நாலு மடிப்பாகத் தைத்து ஜன்னலில் தொங்கவிட்டாராம், நான் கிளம்பிய அன்று சாயங்காலமே. வெளிச்சம் நின்றது. மார்கழியில் பூத்துத் தள்ளிவிட்டதாம்.

"காத்து வராதுங்களே அத்தை. அங்கதான உக்காந்து தார் போடுவீங்க?"

"வேர்க்குது, என்ன பண்றது. முந்தானை இருக்குது, தொடச்சுக்கறேன்."

அந்த மனுஷி ஒரு நல்ல வார்த்தையைக் கேலி கலக்காமல் சொன்னதே இல்லை. அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம் வந்ததும் அந்த நிமிஷத்தில்தான். பேச்சை மாற்ற நினைத்து, "அப்ப குடோன் வேலைங்க?" என்றேன்.

அத்தை குழந்தையின் காலைத் தன் முழங்காலில் சரியாக எடுத்து வைத்தார். எப்போதும் வரும் கேலி அப்போது வரவில்லை.

"பையன் பொங்கல் முடிஞ்சதும், பூத்தான் இருக்குது காயைக் காணோமேன்னு கடப்பாரைய எடுத்துட்டு வந்தான் கண்ணு. காச்சாலும் காய்க்காட்டியும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். புள்ளையப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பியுட்டுப்போட்டு, அவ வெச்ச கொடிய இங்க வெட்டுனா, திரும்பி வர்றவளுக்கு இந்த ஊடு எப்படீடா அவ ஊடா இருக்குமுன்னு கேட்டேன்."